பள்ளிக்கூடத்தில் ஓர் அடகுக்கடை

என் மனைவியைப் பற்றி நானே பெருமையடித்துக்கொள்ளக் கூடாது என்று அவளே கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள். ஆனால் வேறு யாரும் சொல்லுகிற மாதிரி தெரியவில்லை. அதனால் நான்தான் சொல்லியாக வேண்டும். என் மெக்கானிக் கடை பள்ளிக்கூட கேட்டுக்கு நேர் எதிரே இருக்கிறது. ஸ்கூட்டர், பைக் மட்டும்தான் பார்ப்பேன். ஒரு கண் வண்டியின் மேல் இருந்தால் இன்னொரு கண் கேட்டின் மேல் இருக்கும். ஆகவே இதில் பாதி நான் கண்ணால் கண்டது, மீதி சாப்பாட்டு நேரத்தில் அவள் வாயால் கேட்டது. கற்பனை எதுவும் கிடையாது. அந்த அளவுக்கு எனக்கு மூளை போதாது.

அந்தப் பள்ளியின் மழலையர் வகுப்பில் அவள் பல வருஷம் உதவியாளராக இருந்தாள். மூக்கைத் துடைத்துவிடுவது, நனைந்த கால்சட்டையை மாற்றுவது, ஷூ நாடாவைக் கட்டிவிடுவது, கட்டியதை அவிழ்த்துக்கொண்டு வந்தால் மறுபடி கட்டுவது. வகுப்பு ஆசிரியைகள் வருவார்கள், கல்யாணம் என்றும் வேறு வேலை என்றும் போவார்கள். இவள் மட்டும் அதே அறையில் அதே குட்டி நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நடுவில் ஆசிரியர் பயிற்சிக்கு வீட்டிலிருந்தே படிக்கிறேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். சாப்பாட்டு மேசையின் ஒரு பக்கம் கல்லூரியில் படிக்கும் எங்கள் மகன், மறுபக்கம் இவள். அவன் போனைப் பார்த்துக்கொண்டிருப்பான், இவள் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். முதல் தடவை ஒரு பாடத்தில் கோட்டை விட்டாள். பிறகு மறுபடி எழுதித் தேறினாள். சான்றிதழ் பீரோவுக்குள் போனது, இவள் நாற்காலி துடைக்கப் போனாள்.

இந்த வருஷம் பள்ளி திறக்கிற சமயம் பார்த்து வகுப்பு ஆசிரியை வேலையை விட்டுவிட்டார். தலைமை ஆசிரியைக்கு வேறு வழியில்லை. அவர் கெட்டவர் இல்லை, கறார். ஒரு மாதம் வகுப்பை எடுத்துப் பாருங்கள், அதற்குள் பிள்ளைகள் அழுகையை நிறுத்தி அமைதியாக உட்கார்ந்துவிட்டால் வகுப்பு உங்களுக்கே, இல்லாவிட்டால் வெளியிலிருந்து ஆள் எடுப்பேன், நீங்கள் பழைய வேலைக்கே போய்விடலாம் என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அவள் முகம் சிரித்துக்கொண்டிருந்தது. கை மட்டும் ஒரே தட்டைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தது.

மழலையர் வகுப்பின் முதல் நாளைப் பார்க்காதவர்களுக்கு அதை விளக்குவது கஷ்டம். ஒரு பிள்ளை அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கும். ஒன்று கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு விடாது. ஒன்று எதுவும் நடக்காதது போல உள்ளே போய், பத்து நிமிஷம் கழித்து வீடு ஞாபகம் வந்து வெடிக்கும். ஒன்று அழுதால் போதும், மற்றதெல்லாம் காரணமே கேட்காமல் சேர்ந்துகொள்ளும். பழைய ஆசிரியைகள் கதவைச் சாத்திவிட்டு ஒரு அதட்டல் போடுவார்கள். இரண்டு மூன்று நாளில் சத்தம் நின்றுவிடும். அது அடங்குவது இல்லை, நம்பிக்கை விட்டுப்போவது என்பாள் என் மனைவி. எனக்கு அப்போது இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

அவளிடம் வேறு ஒரு யோசனை இருந்தது. உதவியாளராக இருந்த காலத்தில் ஒரு நாள், ஒரு பையனின் அம்மா குடையை வகுப்பிலேயே மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். தினமும் கூரை அதிர அழுகிறவன் அன்றைக்கு அந்தக் குடையை மடியில் வைத்துக்கொண்டு, பெரிய மனிதனைப் போல நாள் முழுக்க உட்கார்ந்திருந்தான். இவள் ஏன் என்று கேட்டதற்கு, அம்மா குடைக்கு வருவா என்றானாம். தன்னைக் கூட்டிப்போக வருவாளா என்பதில் அவனுக்குச் சந்தேகம் இருந்தது. குடைக்கு வருவாள் என்பதில் இல்லை.

அதைத்தான் இவள் வகுப்புக்கே சட்டமாக்கினாள். காலையில் பிள்ளையை விட வருகிறவர், தனக்கு அன்றைக்குத் தேவைப்படுகிற ஒரு பொருளைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். பள்ளி விட்டதும் வந்து, என் பொருளைக் கொடு என்று வாய்விட்டுக் கேட்டு, பிள்ளையின் கையிலிருந்தே வாங்கிக்கொள்ள வேண்டும். இல்லாமல் சமாளிக்க முடிகிற பொருளாக இருக்கக் கூடாது. அது ஒன்றுதான் நிபந்தனை.

இதற்கு அடகுக்கடை என்று பெயர் வைத்தது நான். அவளுக்குப் பிடிக்கவில்லை, ஆனால் தெரு முழுக்க அந்தப் பெயர்தான் நிலைத்தது. தையல்காரம்மா அளவு நாடாவை அடகு வைத்துவிட்டு அன்றைக்கு எல்லாருக்கும் கையால் சாண் போட்டு அளவெடுத்தார். கொத்தனார், சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்கிற ரசமட்டத்தை வைத்துவிட்டுப் போனார். அந்த வாரம் அவர் எழுப்பிய சுவருக்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன். ஓர் அம்மா அவசரத்தில் எதுவும் கொண்டுவராததால் ஒரு கால் செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, இன்னொன்றைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலில் வீட்டுக்குப் போனார். வண்டிச் சாவியை வைத்த அப்பாக்கள் நேராக என் கடைக்கு வந்து, சாவி இல்லாமல் ஸ்டார்ட் பண்ணிக் கொடுங்கள் அண்ணே என்று பல்லைக் காட்டினார்கள். எனக்கு அது ஒரு ஒயரைத் தொடுகிற வேலை. ஆனால் வீட்டில் முன்கூட்டியே உத்தரவு போட்டிருந்தாள். நடந்து போங்கள், உடம்புக்கு நல்லது என்று சொல்லி அனுப்பினேன்.

இரண்டாவது வாரத்தில் சத்தம் குறைந்தது. ரசமட்டத்தை வைத்திருந்த பையன் அதன் கண்ணாடிக்குள் ஓடுகிற குமிழியை மற்றவர்களுக்குக் காட்ட, எல்லாரும் மேசை, ஜன்னல், ஒருத்தர் தலை என்று எல்லாவற்றின் மேலும் அதை வைத்துப் பார்த்தார்களாம். சிலர் பொருளை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு விளையாடப் போனார்கள். சிலர் அலமாரியைத் திரும்பிப் பார்ப்பதையும் நிறுத்தினார்கள். தலைமை ஆசிரியை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். ஒன்றும் சொல்லாததே பெரிய பாராட்டு என்று நான் சொன்னேன். இன்னும் ஒரு ஆள் பாக்கி என்றாள் அவள்.

அந்த ஆளுக்கு நான் வைத்த பெயர் சைரன். மருந்துக்கடைக்காரரின் மகள். ஆள் ஒரு பிடிதான் இருப்பாள், ஆரம்பித்தால் என் கடையில் என்ஜின் சத்தம் கேட்காது. அவள் அம்மாவுக்கு வேறு ஊரில் வேலை. மாதம் ஒரு முறைதான் வர முடியும். அதாவது, காலையில் போகிறவர்கள் சாயங்காலம் வந்துவிடுவார்கள் என்ற கதையை அந்தக் குழந்தையிடம் சொன்னால் எடுபடாது. அவளுக்கு ஊரைவிட அதிகம் தெரியும். அப்பாவின் ஸ்கூட்டர் சாவியைக் கையில் வைத்திருக்கும்வரை மட்டும் விம்மலோடு நிறுத்திக்கொள்வாள். உள்ளங்கையில் சாவியின் பல் பதிந்திருக்கும்.

மூன்றாவது வாரம் ஒரு காலை. மருந்துக்கடைக்காரர் வழக்கம்போல சாவியை மகளிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். அன்றைக்கு மற்றவர்களைப் போல நடக்கவில்லை. சுவர் ஓரம் நிறுத்தியிருந்த ஸ்கூட்டரிடம் போனார், சட்டைப் பையிலிருந்து இன்னொரு சாவியை எடுத்தார், கிளம்பினார். என் கையிலிருந்த ஸ்பேனர் அப்படியே நின்றது. அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. திருப்பத்தில் பழக்க தோஷத்தில் ஹாரன் அடித்தார். அந்த ஹாரன் சத்தம் எனக்கே அடையாளம் தெரியும், பெற்ற பிள்ளைக்குத் தெரியாதா? தெருவைப் பார்த்த வகுப்பு ஜன்னலின் கம்பிக்குப் பின்னால் அந்தச் சின்ன முகம் வந்தது. கையில் சாவி. கண் முன்னே வண்டி போய்க்கொண்டிருக்கிறது.

அழுகை உடனே வரவில்லை. கையைத் திறந்து சாவியைப் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள், மறுபடி சாவியைப் பார்த்தாள். பிறகு ஆரம்பித்தாள். அதுவரைக்கும் கேட்டதெல்லாம் ஒத்திகை. மற்றப் பிள்ளைகளுக்கும் விஷயம் விளங்கிவிட்டது போல. ரசமட்டக்காரன் உள்பட எல்லாரும் தங்கள் தங்கள் பொருளை எடுத்துப் பார்த்துவிட்டு அழ ஆரம்பித்தார்கள். மூன்று வாரத்து வேலை ஒரு ஹாரனில் போனது.

தலைமை ஆசிரியை வந்தார். அவர் கத்தவில்லை என்று என் மனைவி பிறகு சொன்னாள். ஏற்கெனவே ஒருவரைப் பார்த்து வைத்திருக்கிறேன் என்றாராம். வெள்ளிக்கிழமை காலையில் நானே வந்து நிற்பேன், அன்றைக்கும் இப்படி இருந்தால் திங்கட்கிழமை அவர் வந்துவிடுவார் என்றாராம்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. அந்த ஆளைச் சாயங்காலம் நாலு வார்த்தை கேட்காமல் விடப்போவதில்லை என்று கையைக்கூடக் கழுவாமல் காத்திருந்தேன். அவர் வந்து இறங்கியதும் நான் தெருவில் கால் வைப்பதற்குள் என் மனைவி கேட்டிலிருந்து ஒரு பார்வை பார்த்தாள். கடைக்குள் போய்விட்டேன். ஆனால் காதை வெளியே வைத்திருந்தேன்.

அவர் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. கடை தூரம், காலையிலேயே மருந்துக்கு ஆட்கள் வந்து நிற்பார்கள், நடந்து போய்த் திறக்க முடியுமா என்றார். சின்னக் குழந்தைக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது என்று நினைத்தாராம்.

"சாவி வேணாம்னு என்கிட்ட சொல்லியிருந்தா வேற ஏதாவது பாத்திருக்கலாம் சார்" என்றாள் என் மனைவி. "அவ சாவியத் தப்பா நினைக்கல. உங்களத்தான் தப்பா நினைக்கிறா."

அவர் மகளிடம் கையை நீட்டி, என் சாவியக் குடும்மா என்றார். அவள் அதை அவர் கையில் வைக்காமல் கீழே போட்டுவிட்டுப் போய் ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டாள். குனிந்து சாவியை எடுத்தபோது அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தேன். நாலு வார்த்தை கேட்கிற எண்ணத்தை விட்டுவிட்டுக் கையைக் கழுவப் போனேன்.

மறுநாள் சைரன் வண்டியை விட்டு இறங்கவே இல்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். அவர் சாவியைக் கொடுத்தார், தட்டிவிட்டாள். பர்ஸைக் கொடுத்தார், தட்டிவிட்டாள். போனைக் கொடுத்தார், அதையும் தட்டிவிட்டாள், நல்லவேளை மண்ணில் விழுந்தது. என் மனைவி பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். கொஞ்சவில்லை, அதட்டவில்லை, தூக்கப் போகவும் இல்லை. உனக்கு எது வேணும்னு நீயே சொல்லு என்று மட்டும் கேட்டாள்.

குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு அப்பாவை மேலும் கீழும் பார்த்தது. பிறகு எட்டி அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டது.

அந்தக் கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்கு எதிரே வருவது மாடா மனுஷனா என்று தெரியாது. வீட்டில் அதை எங்காவது வைத்துவிட்டால் மொத்த வீடும் தலைகீழாகும் என்று பிறகு என்னிடம் சொன்னார். மாற்றுக் கண்ணாடி கிடையாது. அந்த வீட்டில் தேடிப் பழகிய குழந்தைக்கு அது நன்றாகத் தெரியும்.

"மிஸ், இது இல்லாம மருந்துப் பேரக்கூட என்னால படிக்க முடியாது" என்றார் அவர்.

"குடுக்கிறதும் வேணாங்கிறதும் உங்க இஷ்டம் சார். ஆனா குடுத்தா நிஜமா குடுங்க."

அவர் மகள் பக்கம் குனிந்தார். பிறகு, சரி, நீயே வச்சுக்கோ, சாயங்காலம் வந்து கேப்பேன் என்று மகளிடம் சொன்னார். அவள் இறங்கி, கண்ணாடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். நான் தெருவைக் கடந்து போய் அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து என் கடை பெஞ்சில் உட்காரவைத்தேன். அவர் தன் கடைக் கூட்டாளிக்குப் போன் போட்டு மருந்துக்கடையைத் திறக்கச் சொன்னார். அந்தப் பக்கத்திலிருந்து வந்த வசவு எனக்கே கேட்டது.

வியாழக்கிழமைவரை அவர் என் பெஞ்சில்தான் இருந்தார். அவரை அங்கே ஜன்னல் வழியாகப் பார்த்த மற்றப் பிள்ளைகளும் ஒவ்வொருவராக அழுகையை நிறுத்தினார்கள். பள்ளிப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்ப்பார். ஒன்றும் தெரியாது. எந்தச் சத்தம் கேட்டாலும், யாரு அழறாங்க, அவளா என்பார். கடைசியில் நான் வேலை செய்துகொண்டே அவருக்கு நேர்முக வர்ணனை கொடுக்க ஆரம்பித்தேன். இப்போது பாட்டு, உங்கள் பெண் வாயைத் திறக்கவில்லை, ஆனால் தலை ஆடுகிறது. இப்போது மணல் விளையாட்டு, கண்ணாடியை மிஸ்ஸிடம் கொடுத்துவிட்டு மணலில் இறங்கிவிட்டாள். இப்போது அடுத்தவன் பக்கெட்டைப் பிடுங்குகிறாள். பிடுங்கியேவிட்டாள். அவர் அதைக் கேட்டுச் சிரித்தார், உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வர்ணனை சொல்லச் சொல்ல, இத்தனை வருஷம் எதிரிலேயே இருந்தும் நான் பார்க்காததை எல்லாம் பார்த்தேன். ஒரு பிள்ளையிடம் பேச வேண்டுமானால் அவள் நின்றுகொண்டு பேசுவதில்லை. தரையில் உட்காருவாள், இல்லாவிட்டால் முட்டி போடுவாள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை உட்கார்ந்து எழுந்திருக்கிறாள் என்று பார்த்தபோதுதான், வீட்டுக்கு வந்ததும் ஏன் முழங்காலில் தைலம் தேய்க்கிறாள் என்பது எனக்கு உறைத்தது. ஒருவன் ஈரக் கால்சட்டையோடு மூலையில் நின்றால் யாருக்கும் தெரியாமல் அவனை வெளியே கூட்டிப்போவாள். திரும்பி வரும்போது அவன் ஏதோ முக்கியமான வேலையை முடித்துவிட்டு வருகிறவனைப் போல வருவான். இவள் என் வீட்டுக்காரி என்று பெஞ்சில் இருந்தவரிடம் சொன்னேன். தெரியும் அண்ணே, நேத்தும் சொன்னீங்க என்றார்.

வெள்ளிக்கிழமை தலைமை ஆசிரியை கேட்டுக்கே வந்து நின்றுவிட்டார். பிள்ளைகள் ஒவ்வொன்றாக வந்தன. பாதிப் பேர் பொருளே வாங்கவில்லை. ரசமட்டக்காரன், இன்னைக்கு நேரா கட்டுப்பா என்று சொல்லி அப்பாவை அனுப்பிவைத்தான். அழுகை இல்லை. எனக்குக் கையில் வேலை ஓடவில்லை. கழற்றிய போல்ட்டையே மறுபடி மாட்டிக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

சைரன் வந்தாள், கண்ணாடியைக் கழற்றிக்கொண்டாள், உள்ளே போனாள். அப்பாடா என்று நான் மூச்சு விடும்போதுதான் மருந்துக்கடைக்காரர் என் பக்கம் வருவதற்காகத் தெருவில் இறங்கினார். நடைபாதை விளிம்பு தெரியாமல் கால் மடங்கி, கையை ஊன்றித் தரையில் உட்கார்ந்துவிட்டார். பெரிய அடி இல்லை. ஆனால் வகுப்பு வாசலில் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்த குழந்தை அதைப் பார்த்துவிட்டாள். ஒரு காலில் ஷூ, ஒரு கால் வெறுங்கால். கேட்டை நோக்கி ஓட ஆரம்பித்தாள்.

"பிடிங்க அவள, வெளிய விடாதீங்க" என்றார் தலைமை ஆசிரியை.

என் மனைவி குழந்தைக்குக் கை எட்டும் தூரத்தில்தான் இருந்தாள். மூன்று வாரம் பாடுபட்டது அந்த ஒரு கையில் இருந்தது. பிள்ளை வகுப்பை விட்டு வெளியே ஓடிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று அவளுக்கும் தெரியும். அவள் பிடிக்கவில்லை. கேட்டைத் திறந்துவிட்டாள், கூடவே தெருவில் இறங்கி, வருகிற வண்டிகளைக் கை காட்டி நிறுத்தினாள்.

அதற்குள் எழுந்துவிட்ட அப்பாவின் முன்னால் போய் சைரன் நின்றாள். "குனிப்பா" என்றாள். அவர் குனிந்தார். கண்ணாடியை அவர் முகத்தில் மாட்டிவிட்டாள். ஒரு பக்கம் காதுக்கு மேலே நின்றது. அதை அழுத்திச் சரிசெய்தாள்.

"கடைக்குப் போ. சாயந்திரம் வா" என்றாள்.

"அப்ப நீ எத வச்சுக்கப் போற?" என்று கேட்டார் அவர்.

அவள் யோசித்தாள். "ஒண்ணும் வேணாம். நீ வருவல்ல?"

அவர் தலையாட்டினார். அவள் திரும்பி, என் மனைவியின் கையைக்கூடப் பிடிக்காமல், ஒற்றை ஷூவோடு நொண்டி நொண்டி உள்ளே போனாள். மருந்துக்கடைக்காரர் மட்டும் வெகுநேரம் அங்கேயே நின்றார். மகள் தன்னைத் திரும்பிப் பார்ப்பாள் என்று எதிர்பார்த்திருப்பார். அவள் பார்க்கவில்லை.

தலைமை ஆசிரியை வகுப்புக்குள் போய் ஒரு குட்டி நாற்காலியில் எப்படியோ உட்கார்ந்து, முதல் மணி அடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது வாசலில் நின்று என் மனைவியிடம் சொன்னார். "நான் சொன்னப்ப நீங்க அவளப் பிடிக்கல. எனக்குக் கோபம்தான். ஆனா பிடிச்சிருந்தா இன்னைக்கு அழுதிருப்பா, இல்ல?" என் மனைவி ஆமாம் மேடம் என்றாள். "திங்கட்கிழமை வர்றவங்களுக்கு நான் போன் பண்ணி வேணாம்னு சொல்லிடறேன்" என்று சொல்லிவிட்டு அவர் தன் அறைக்குப் போனார்.

உள்ளே பேசிய இது எதுவும் எனக்குச் சாயங்காலம்வரை தெரியாது. பகல் முழுக்கத் தவித்துக்கொண்டிருந்தேன். எல்லாப் பிள்ளைகளும் போன பிறகு அவள் தெருவைக் கடந்து வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். என்ன ஆச்சு என்று கேட்டேன். அவள் கீழே குனிந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, திங்கட்கிழமை நான் சீக்கிரமே போகணும்ங்க, என் க்ளாஸ் சுவர்ல படம் ஒட்டுற வேலை நிறைய இருக்கு என்றாள்.

என் க்ளாஸ். எத்தனை வருஷம் அந்த அறையைத் துடைத்திருக்கிறாள், அந்த வார்த்தையை அவள் வாயில் நான் கேட்டதில்லை. கடையை நேரத்தோடு சாத்தினேன். வண்டியில் ஏறு என்றேன். நடந்து போகலாம் என்றாள். முழங்கால் வலிக்குமே என்றேன். வலிக்கட்டும், எல்லாரும் பாக்கட்டும், இன்னைக்கு நடந்தே போகலாம் என்றாள். போனோம். வழியில் எதிரே வந்தவர்களிடமெல்லாம் நான் சொல்லிக்கொண்டே வந்தேன். அன்றைக்கு மட்டும் அவள் என்னைத் தடுக்கவில்லை.